பிள்ளை பெற்றவளைக் கேட்கும் பத்துக் கேள்விகள்



ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால் அங்குக் கேள்விகளுக்குப் பஞ்சமே இராது. குழந்தை எத்தனை கிலோ எடை? முகம் யாரைப் போல? பால் நன்றாகக் குடிக்கிறதா? தொப்புள் கொடி விழுந்துவிட்டதா? இரவில் உறங்க விடுகிறதா? பார்க்க வருவோர் அனைவரும் இவற்றையே வரிசையாகக் கேட்பர். தாயைப் பற்றியும் கேட்பதுண்டு. ஆயினும் அக்கேள்விகளும் குழந்தையைச் சுற்றியே நிற்பவை. பால் சுரக்கிறதா, பத்தியம் தவறாமல் இருக்கிறாளா, தையல் ஆறிற்றா என்பதோடு அவை முடிந்துவிடும். 'உன் மனம் எப்படி இருக்கிறதம்மா?' என்று கேட்பாரைக் காண்பது அரிது. அப்படியே ஒருவர் கேட்டுவிட்டாலும், 'எனக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறேன்' என்ற ஒரு விடைதான் அவளுக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது. வேறு விடை சொன்னால் வந்தவர் முகம் மாறும். மாமியார் காதுக்குப் போகும். 'பிள்ளை வரம் கிடைத்தும் இவளுக்குக் குறையா?' என்ற பேச்சு எழும்.

வேறு விடையும் சொல்லக்கூடியதாக அந்தக் கேள்வியைக் கேட்பது எவ்வாறு? இதற்காகவே மருத்துவர் சிலர் ஒரு சிறு வினாத்தாளை வகுத்திருக்கின்றனர். பத்தே கேள்விகள். ஐந்து நிமிட வேலை. அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

இது மாதர் நிகழ்ச்சிக்குரிய பொருள் அன்றோ, மாணவர்களுக்கு இஃது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பிரசவத்திற்குத் தாய்வீடு வரும் அக்காளுக்குத் தம்பியும் தங்கையுமாக வீட்டில் இருப்பவர்கள் நீங்கள்தாம். பெரியவர்கள் கவனியாத பலவற்றைக் கவனிப்பவர்களும் நீங்கள்தாம். அன்றியும், தேர்வுகளையும் மதிப்பெண்களையும் நாள்தோறும் சந்திக்கும் உங்களுக்கு, ஒரு வினாத்தாள் எதனை அளக்கவல்லது, எதனை அளக்கமாட்டாது என்று தெரிந்துகொள்வது நன்மை பயக்கும். முப்பத்தைந்து ஆண்டு காலம் வினாத்தாள் தயாரித்தும் திருத்தியும் வந்த நான், இதனை மிகக் காலம் கடந்தே கற்றுக்கொண்டேன். கற்பித்தவள் என் மாணவி ஒருத்தி. அந்த நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு மேலே செல்கின்றேன். என் மகளின் இசைவு பெற்றே இதனைச் சொல்கின்றேன்.

காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கை எங்கள் ஊர். காஞ்சியை விட்டு நீங்கிய பெருமாள் ஓரிரவு தங்கிய இடமாதலால் 'ஓரிரவு இருக்கை' என்று பெயர் பெற்று, அதுவே ஓரிக்கை என்று மருவிற்று என்பர். 2016ஆம் ஆண்டில் என் மகள் தலைப்பிரசவத்திற்காக எங்கள் வீட்டிற்கு வந்தாள். சுகமாகவே பெண் குழந்தை பிறந்தது. பதினாறு நாள் கழிந்தது, தொட்டிலும் கட்டினோம். ஐந்தாவது வாரம் இருக்கும். குழந்தை தொட்டிலில் வீறிட்டு அழும்; அவள் சன்னலோரம் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருப்பாள். பக்கத்து வீட்டுத் தறி ஓசையைக் கேட்டுக்கொண்டிருப்பவள் போலத் தோன்றும். ஆனால் அதையும் அவள் கேட்கவில்லை என்று பின்னர் அறிந்தேன். தட்டில் வைத்த சோறு அப்படியே காய்ந்து கிடக்கும். குழந்தை உறங்கும்போதும் அவள் உறங்குவதில்லை.

என் மனைவி கண்ணேறு என்று கருதி மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். நானோ அதனைச் சோம்பல் என்றே முடிவு செய்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து வெளியே பார்க்கும் பிள்ளைகள் ஆயிரம் பேரைப் பார்த்தவன் அல்லவா! 'படித்த பெண்ணுக்கு இது அழகா? உன் அம்மா மூன்று பிள்ளைகளை இதே வீட்டில்தானே வளர்த்தாள்?' என்று ஒருநாள் கடிந்தும் பேசினேன். அவள் மறுமொழி கூறவில்லை. 'நான் எதற்கும் உதவாதவள் அப்பா' என்று மட்டும் சொன்னாள். அதனையும் நான் என் கண்டிப்புக்குக் கிடைத்த பலனாகவே எடுத்துக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என் நெஞ்சு சுடுகின்றது.

அந்த நாள்களில்தான் என்னிடம் படித்த ஒரு பெண், செவிலியர் பட்ட மேற்படிப்பிற்கான ஆய்வின் பொருட்டு, எங்கள் பக்கத்தில் புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்மார்களைச் சந்தித்துவந்தாள். எங்கள் வீட்டிற்கும் வந்தாள். வந்தவளை உட்காரவைத்து, நானும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தேன். அவள் சற்றே தயங்கினாள். பிறகு, 'சார், தவறாக நினைக்கவேண்டாம். நீங்கள் சிறிது நேரம் திண்ணையில் இருங்கள். அம்மாவும் வெளியே இருக்கட்டும்' என்றாள். நான் வகுப்பறையை விட்டு வெளியே நிறுத்திய பிள்ளைகள் பலர். என்னையே என் வீட்டுக் கூடத்தை விட்டு வெளியே நிறுத்தியவள் அவள் ஒருத்திதான்!

அரைமணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். என் வாயிலிருந்து வந்த முதற் கேள்வி என்ன தெரியுமா? 'மொத்தம் எவ்வளவு?' என்பதுதான். பழக்கம் விடுமா! அவள் எண்ணைச் சொல்லவில்லை. 'சார், இது தேறினாரா தவறினாரா என்று பார்க்கும் தாள் இல்லை. அக்கா சொன்னதை நான் உங்களிடம் சொல்லவும் கூடாது. ஆனால் அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன்: நாளைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இது சோம்பல் இல்லை' என்றாள்.

அந்தத் தாளில் என்னதான் இருந்தது? அதனை விளங்கிக்கொள்ள, முதலில் அது தேடும் நோய் எது என்று காண்போம்.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாய்க்கு நேரும் மனமாற்றங்கள் மூவகைப்படும். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளுதல் கூடாது. முதலாவது, பிரசவமான மூன்றாம் நாள் அளவில் வரும் சிறு கலக்கம். காரணமின்றிக் கண்ணீர் வரும். சற்று நேரத்தில் சிரிப்பும் வரும். பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு இது நேர்கின்றது. இரண்டு வாரத்துக்குள் தானாகவே நீங்கிவிடுகின்றது. ஆறுதலும் ஓய்வும் போதும். மூன்றாவது வகை மிக அரியது. ஆனால் மிகக் கொடியது. ஆயிரம் பிரசவங்களுக்கு ஒன்று அல்லது இரண்டில் காணப்படுவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் திடீரெனத் தோன்றும். உறக்கம் அறவே கெட்டு, இல்லாத குரல் கேட்பதாகவும், குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் கொண்டும் தாய் தடுமாறுவாள். அப்போது வினாத்தாளுக்கு நேரமில்லை. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்பதுதான் மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வு. அது சத்தமின்றி வரும். வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் நீடிக்கும். இன்பம் தரவேண்டியவை இன்பம் தரா. தன்னைத்தானே குற்றம் சாட்டிக்கொள்ளும் எண்ணம் ஓயாது. மற்றவர் கண்ணுக்கு அது சோம்பலாகவும், சிடுசிடுப்பாகவும், பிறந்த வீட்டில் செல்லமாகவும் தோன்றும். கண்டுபிடிக்கப்படாமல் போவது பெரும்பாலும் இதுவே.

இதனை மருத்துவர்கள் நெடுநாளாக அறிந்திருந்தனர். 1858ஆம் ஆண்டிலேயே லூயி விக்டர் மார்சே என்னும் பிரெஞ்சு மருத்துவர், கருவுற்ற மாதர்க்கும் பிள்ளை பெற்றோர்க்கும் பாலூட்டுவோர்க்கும் நேரும் மனநோய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர் பெரிதும் கண்டது மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட கடுமையான நோயாளிகளை. வீட்டுக்குள்ளேயே மௌனமாக வாடும் தாய்மாரின் மீது ஆராய்ச்சியாளரின் கவனம் திரும்ப நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1968இல் பிரைஸ் பிட் என்னும் ஆங்கில மருத்துவர் இத்தகைய மனச்சோர்வைப் பற்றி எழுதிய கட்டுரை அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அதன் பின்னர் ஜான் காக்ஸ் என்பவர் ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் பணியாற்றியபோது அங்குள்ள தாய்மாரிடையே இந்நோயை ஆராய்ந்தார். அந்நாட்டு மக்கள் தம் மொழியில் 'அமகிரோ' என்று பிரசவத்தை ஒட்டிய ஒரு நோய்க்குப் பெயரே வைத்திருந்தனர். ஆகவே, இது மேனாட்டு நாகரிகத்தால் வந்த புது நோய் என்று கூறுவார் கூற்றுக்கு இடமில்லை.

ஸ்காட்லாந்து திரும்பிய காக்ஸும், ஜெனி ஹோல்டன், ரூத் சகோவ்ஸ்கி என்னும் இருவரும் சேர்ந்து 1987ஆம் ஆண்டு ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். எடின்பரோ நகரின் பெயரால் அது எடின்பரோ அளவை என்று வழங்கப்படுகின்றது. உலகின் பற்பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டிருக்கின்றது.

அதற்கு முன்பும் மனச்சோர்வை அளக்கும் வினாத்தாள்கள் இருந்தன. அவை ஏன் போதவில்லை? இங்குதான் அவ்வாராய்ச்சியாளரின் நுட்பம் விளங்குகின்றது. பழைய தாள்கள், 'உறக்கம் குறைந்ததா? களைப்பாக இருக்கிறதா? உடல் எடை மாறியதா? பசி எப்படி?' என்று உடற்குறிகளைக் கேட்டன. கைக்குழந்தை வைத்திருக்கும் எந்தத் தாய்க்கு உறக்கம் இருக்கும்? எவளுக்குக் களைப்பில்லை? இக்கேள்விகளைக் கொண்டு அளந்தால் நலமாயுள்ள தாயும் நோயாளியாகவே தோன்றுவாள். ஆகவே அவர்கள் உடற்குறிகளை விலக்கினர். மனத்தை மட்டுமே கேட்டனர். உறக்கத்தைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. ஆனால் குழந்தை எழுப்பியதால் உறக்கம் கெட்டதா என்று அது கேட்பதில்லை. துயரத்தால் உறக்கம் வரவில்லையா என்று கேட்கின்றது. கேள்வி கேட்கும் கலை என்றால் இதுவன்றோ!

கேள்விகளின் சாரத்தை என் சொற்களில் கூறுகின்றேன். நகைப்புக்குரியதைக் கண்டு சிரிக்க முடிகிறதா, வரும் நாளை ஆவலோடு எதிர்பார்க்க முடிகிறதா என்று முதலில் மென்மையாகத் தொடங்குகின்றது. பிறகு, தவறு நேர்ந்தபோது தேவையின்றித் தன்னையே நொந்துகொள்ளுதல், காரணமற்ற கவலை, காரணமற்ற அச்சம், வேலைகள் தலைக்கு மேல் போய்விட்டன என்ற மலைப்பு, உறக்கத்தைக் கெடுக்கும் துயரம், வாட்டம், அழுகை என்று படிப்படியாக உள்ளே செல்கின்றது. பத்தாவதாக, தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததுண்டா என்று கேட்கின்றது. அந்தக் கேள்வியை முதலில் வைத்திருந்தால் யார் விடை சொல்வார்? ஒன்பது படிகள் இறங்கிய பின்பே அந்த ஆழத்துக்கு வருகின்றது.

எல்லாக் கேள்விகளும் கடந்த ஏழு நாள்களைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், 0 முதல் 3 வரை எண், மொத்தம் 30. நம் தேர்வுகளுக்கு மாறாக இங்கு எண் கூடக் கூடத் துன்பம் மிகுதி. பத்தாம் கேள்விக்கு மட்டும் ஒரு தனி விதி உண்டு. மொத்த எண் எவ்வளவு குறைவாக இருப்பினும், அக்கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை' என்பது தவிர வேறு எந்த விடை வந்தாலும், கேட்பவர் அன்றே, அங்கேயே அதனைக் கவனித்தாக வேண்டும்.

ஒரே கேள்விகளை, ஒரே வரிசையில், எல்லோரிடமும் ஏன் கேட்கவேண்டும்? அன்புடையவர் ஒருவர் தமக்குத் தோன்றியபடி கேட்டால் ஆகாதா? எங்கள் ஊரிலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே போகும் சாலை உத்திரமேரூருக்குச் செல்கின்றது. அங்கே வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன் முதற் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டுகளைப் பள்ளிச் சுற்றுலாவில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடவோலைக்குப் பெயர் எழுதப்படுபவர் 35 வயதுக்கு மேற்பட்டு 70 வயதுக்கு உட்பட்டவராக இருக்கவேண்டும். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், தன் மனையில் வீடு கட்டியிருப்பவராகவும் இருக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கல்லில் பொறித்துவைத்தனர். கேட்பவரின் விருப்பு வெறுப்புக்கு இடமின்றி, முன்னரே வகுத்த கேள்விகள் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தன. எடின்பரோ அளவையிலும் இந்நெறியே. அங்கே கேள்விகள் தகாதவரை விலக்குவதற்கு வைத்தவை. இங்கே உதவி வேண்டியவரை விடாமல் சேர்த்துக்கொள்வதற்கு வைத்தவை. என்னைப் போன்ற ஒருவன் தன் எண்ணப்படி கேட்டிருந்தால், முகமலர்ச்சியோடு பேசும் தாயை நலமென்றும் முகம் கொடாதவளைச் சோம்பேறியென்றும் முடிவு கட்டியிருப்பான்.

இனி, ஸ்காட்லாந்தில் செய்த அளவுகோல் நம் ஊருக்குப் பொருந்துமா என்ற கேள்வி எழுகின்றது. நியாயமான கேள்வி. 'மனச்சோர்வு' என்ற சொல்லை நூல்களில் எழுதுகிறோம்; நம் வீட்டுப் பெண்கள் அதனைச் சொல்வதில்லை. 'மனசே சரியில்லை' என்பர். 'நெஞ்சு படபடக்கிறது', 'எதிலும் பிடிப்பில்லை', 'உடம்பெல்லாம் பாரமாக இருக்கிறது' என்பர். மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. பெயர்த்த தாள் நம்மிடையே சரியாக அளக்கின்றதா என்று சோதித்தறிய வேண்டும்.

அவ்வாறு சோதித்தவர்கள் தொலைவில் இல்லை. எங்கள் ஊரை ஒட்டி ஓடும் இதே பாலாற்றின் மேற்கே இருக்கும் வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழ்த் தாளைச் சோதித்து 2005ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். முறை எளிது. ஒருவர் தாளைக் கொண்டு எண் கணிப்பார். அந்த எண்ணை அறியாத மற்றொருவர் அதே தாயோடு விரிவாக உரையாடி, நோய் உண்டா இல்லையா என்று மருத்துவ விதிப்படி முடிவு செய்வார். பிறகு இரண்டையும் ஒப்பிடுவார்கள்.

பிரிட்டனில் 12 அல்லது 13ஐ எல்லையாகக் கொள்வது வழக்கமாக இருக்க, தமிழ்த் தாளுக்கு எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையே எல்லை வைப்பதே பொருத்தம் என்று அவர்கள் கண்டனர். அதாவது, நம் தாய்மாரிடம் 9 என்ற எண்ணே கவனத்துக்குரியது. அயல்நாட்டு எல்லையை அப்படியே வைத்திருந்தால் எத்தனை பேர் கண்ணிற் படாமல் போயிருப்பர் என்று எண்ணிப் பாருங்கள். துயரத்தைச் சொல்லும் வழக்கம் நாட்டுக்கு நாடு வேறு; தாளைத் தானே எழுதி நிரப்புவதும், ஒருவர் படித்துக் கேட்க விடை சொல்வதும் வேறு. ஆகவே அளவுகோலை இறக்குமதி செய்தாலும் அதன் கோடுகளை நாமே வரைந்துகொள்ள வேண்டியிருக்கின்றது.

அந்த எல்லையில் தாள் எவ்வளவு திறமையாக வேலை செய்தது? நோயுள்ள தாய்மாரில் நூற்றுக்கு 94.1 பேரை அது சரியாகக் காட்டியது. நோயில்லாதவரில் நூற்றுக்கு 90.2 பேரைச் சரியாக விடுவித்தது. 'இவ்வளவு நல்ல தாளா! அப்படியானால் எண் 9ஐத் தாண்டினாலே நோய் என்று எழுதிவிடலாமே' என்று தோன்றும். கணக்கு மாணவர்கள் சற்று எழுதுகோலை எடுங்கள்.

ஆயிரம் தாய்மார் இருப்பதாகவும், அவர்களில் நூறு பேருக்கு நோய் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நூறு பேரில் 94 பேரைத் தாள் பிடித்துவிடும். 6 பேர் தப்பிவிடுவர். மீதியுள்ள 900 பேர் நலமானவர்கள். அவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் தவறாகப் பிடிபடுவர். சரியாகச் சொன்னால் ஏறத்தாழ 88 பேர். ஆக, தாள் பிடித்தவர் 94ம் 88ம் சேர்ந்து 182 பேர். இவர்களில் உண்மையில் நோயுடையவர் பாதிக்குச் சற்றே மிகுதி! திறமையான தாள்தான்; ஆயினும் அது சுட்டிக்காட்டிய இருவரில் ஒருவருக்கு நோய் இல்லை. நலமானவர் தொகை பெரிதாக இருப்பதால், அதில் சிறு பிழையும் பெருந்தொகையாகிவிடுகின்றது. இது எந்த நோய்க்கு வைக்கும் சல்லடைக்கும் பொருந்தும் உண்மை.

'தேறினாரா தவறினாரா என்று பார்க்கும் தாள் இல்லை' என்று என் மாணவி சொன்னதன் பொருள் எனக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. எல்லையைத் தாண்டிய எண், 'இவரோடு உட்கார்ந்து பேசுங்கள்' என்று மட்டுமே சொல்கின்றது. நோய் உண்டா என்று முடிவு செய்பவர் பயின்ற மருத்துவர். இரத்தசோகையும் தைராய்டுச் சுரப்பியின் குறைபாடும் கூட இதுபோன்ற சோர்வைத் தரக்கூடும். அவற்றையும் அவர் சோதித்தறிவார். எண் குறைவாக இருந்தும் தாயின் முகம் வேறொன்று சொன்னால், முகத்தையே நம்புவது நல்லது. தப்பிய அந்த ஆறு பேரை மறந்துவிடலாகாது.

நம் கிராமங்களில் இந்நோய் எவ்வளவு பரவியிருக்கின்றது? வேலூரை அடுத்த கணியம்பாடிப் பகுதியில் செய்த ஆய்வு 2002ஆம் ஆண்டு வெளியாயிற்று. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்மாரைச் சந்தித்து, பிரசவத்துக்குப் பின் 6 முதல் 12 வாரங்களில் மீண்டும் சந்தித்தனர். அக்காலத்தில் புதிதாக மனச்சோர்வு அடைந்தவர் நூற்றுக்கு 11 பேர். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கணிப்போ நூற்றுக்கு 22 என்கின்றது. எது சரி என்று கேட்கவேண்டாம். முன்னது புதிதாக நோயுற்றவரை மட்டும் எண்ணியது. பின்னது அவ்வேளையில் நோயுடனிருந்த எல்லோரையும் எண்ணியது. இடமும் தாளும் எல்லையும் வேறு. இரண்டு எண்களைப் பார்த்தால், எதை எண்ணினார்கள் என்று முதலில் கேட்கப் பழகுங்கள்.

எண்ணிக்கையை விட என்னைச் சிந்திக்க வைத்தவை கணியம்பாடி ஆய்வு கண்ட காரணங்கள். வருவாய்க் குறைவு, ஆண் பிள்ளை வேண்டுமென்றிருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும், பெற்ற தாய் தந்தையரோடும் உறவு கசந்தது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்ப நிகழ்ச்சிகள், வேலையில் கைகொடுப்பார் இல்லாமை. அதே ஆண்டு வெளியான கோவா ஆய்விலும் வறுமையும் பெண் குழந்தையும் இதேபோல் இடம் பெற்றன. இப்பட்டியலில் பாதிக்கு மேல் மருந்துக் கடையில் தீர்வு இல்லை. அது வீட்டுக்குள்ளே இருக்கின்றது. 'பெண்ணாப் பிறந்துவிட்டது, போகட்டும்' என்று தொட்டில் பக்கத்தில் நின்று சொல்பவர், தாம் ஆறுதல் சொல்வதாகவே நினைத்துக்கொள்கிறார். எங்கள் வீட்டிலும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தனர். நான் அவர்களை மறுத்துப் பேசவில்லை.

கண்டறிந்து பயன் உண்டா என்பது அடுத்த கேள்வி. உண்டு. பேச்சினால் ஆற்றும் முறைகள் உள்ளன. தேவைப்படும்போது பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்தை மருத்துவர் தேர்ந்து தருவார். மருத்துவர் அருகில் இல்லாத ஊர்களுக்கு என்ன செய்வது? பாகிஸ்தானில் ராவல்பிண்டியைச் சேர்ந்த கிராமப் பகுதியில் ஓர் அரிய சோதனை நடந்தது; 2008இல் 'லான்செட்' இதழில் அதன் முடிவு வந்தது. மனநலக் கல்வி முன்பின் பெறாத கிராமச் சுகாதாரப் பெண் ஊழியர்களுக்குச் சிறு பயிற்சி தந்து, மனச்சோர்வுற்ற தாய்மாரை வீடு தேடிச் சென்று, முறையாகப் பேசவைத்தனர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, அவ்வாறு கவனிக்கப்பட்டவரில் நூற்றுக்கு 23 பேருக்கே நோய் எஞ்சியிருந்தது. பயிற்சி பெறாத ஊழியர் வழக்கம்போல் வந்துபோன ஊர்களில் 53 பேருக்கு எஞ்சியிருந்தது. அந்த முறையை விளக்கும் கையேட்டை உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்டது.

நம் மாநிலத்தில் இதற்கான வாய்ப்புகள் நிரம்ப உண்டு. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. குழந்தைக்கு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் தடுப்பூசி போடத் தாய் தவறாமல் வருகிறாள். மனச்சோர்வு வெளிப்படும் காலமும் பெரும்பாலும் அதுவே. குழந்தையை எடைத்தட்டில் வைத்து எடுக்கும் நேரத்தில், தாயைத் தனியே உட்காரவைத்துப் பத்துக் கேள்வி கேட்க இடமிருக்கின்றது. தனியே என்பதை அழுத்திச் சொல்கின்றேன். மாமியார் பக்கத்தில் நின்றால் விடை வேறாகிவிடும். தகப்பன் நின்றாலும் அப்படித்தான் என்பதற்கு நானே சான்று. கேட்ட பிறகு அனுப்பிவைக்க ஒரு மருத்துவரும் இருக்கவேண்டும். வழி காட்ட ஏற்பாடின்றிப் புண்ணைத் திறந்து பார்ப்பதை நான் விரும்பேன்.

ஆகவே, நீங்கள் அத்தாளை எங்கேனும் தேடி எடுத்து உங்கள் அக்காளுக்கோ அண்ணிக்கோ தேர்வு நடத்தவேண்டாம். அது பயின்றவர் கையில் இருக்கட்டும். அக்காள் இரண்டு வாரத்துக்கு மேலும் வாட்டமாகவே இருந்தால், அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவராகவே இருக்கலாம். குழந்தையைச் சற்று வாங்கி வைத்துக்கொண்டு அவளை உறங்கச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ச் செவிலியரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தால், 2022இல் மத்திய அரசு தொடங்கிய மனநல ஆலோசனைச் சேவையில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. சாகவேண்டும் என்ற சொல் அவள் வாயில் ஒருமுறை வந்தாலும், அதனை விளையாட்டாகக் கொள்ளாமல், அவளைத் தனியே விடாமல், உடனே பெரியவர்களை அழையுங்கள்.

என் மகள் மருத்துவரிடம் சென்றாள். நோய் உண்டென்று அவர் உறுதி செய்தார். சில மாதங்கள் மருந்தும் ஆலோசனையும் தொடர்ந்தன. மாப்பிள்ளை வாரந்தோறும் சென்னையிலிருந்து வந்து இரவில் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். என்னை என்ன செய்யச் சொன்னார் தெரியுமா அம்மருத்துவர்? 'நீங்கள் சற்றுக் குறைவாகப் பேசுங்கள் ஐயா' என்றார். ஆசிரியனுக்குக் கொடுத்த மருந்துகளில் அதைவிடக் கசப்பானது வேறில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து அவள் இரண்டாவது குழந்தையைப் பெற்று மீண்டும் ஓரிக்கைக்கு வந்தாள். இம்முறை குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுத் திரும்பிய அன்று, தன் பழைய மருத்துவரிடம் தொலைபேசியில் பேசி, அந்தப் பத்துக் கேள்விகளையும் தன்னைக் கேட்கும்படி அவளே வேண்டிக்கொண்டாள். தொலைபேசியைக் காதில் வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் எழுந்து திண்ணைக்குப் போனேன்.